தெப்ப அத்திவாரமும் அதன் படியும்

நிலம் வலியதாயின் தூணுக்கொரு பாதமே போதும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பல இடங்களிற் சில அடி தோண்டியதும் சுண்ணாம்புக்கல் தலைகாட்டும். அங்கே வீடு கட்டுவோர் அத்திவாரத்தைக் குறித்து அதிகம் கவலுறுவதில்லை. ஆயின், நிலம் மெலிந்த களிமண்ணாகவும் கட்டடம் பாரமுடையதாகவும் இருக்குமிடத்துத் தூண்தோறும் இடும் பாதங்கள் அகன்று சென்று ஒன்றையொன்று தொடும் நிலை வந்துவிடும். அப்போது அவற்றை ஒன்றாக்கி, கட்டடத்தின் அடிமுழுதும் பரந்த ஒரே கொங்கிறீற்றுத் தட்டாக வார்ப்பதே சிக்கனமாகும். இதனைத் தெப்ப அத்திவாரம் என்பர். பொறியியலாளராய் விளங்கும் எம் பழைய மாணவர் அறியாத செய்தி இங்கே மிகுதியில்லை. உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயிலும் மாணவரை நோக்கியே இதனை எழுதுகின்றேன். சொல்லை ஆராயுந் தமிழாசிரியனுக்கு அப்பெயரே வாயிலாயிற்று.

தெப்பம் நீரில் மிதப்பது. அத்திவாரம் மண்ணில் இருப்பது. மண் எவ்வளவிற்கு நீரை ஒக்கும், எவ்வளவிற்கு ஒவ்வாது என்பதை அறிதலே இத்துறையின் பெரும்பாடு.

முதலில் ஒக்கும் பகுதியைக் காண்போம். மிதக்கும் பொருள் தான் ஒதுக்கிய நீரின் நிறைக்குச் சமமான மேலுதைப்பைப் பெறும் என்னும் ஆக்கிமிடீசின் விதியை மாணவர் அறிவர். ஒரு கனமீற்றர் மண் ஏறத்தாழ 1.8 தொன் நிறையுடையது. மூன்று மீற்றர் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி அகற்றினால், சதுரமீற்றர் ஒன்றுக்கு 5.4 தொன் பாரம் நிலத்தினின்றும் நீங்குகின்றது. சாதாரண கொங்கிறீற்றுக் கட்டடத்தின் மாடியொன்று சதுரமீற்றருக்கு ஒன்று முதல் ஒன்றரைத் தொன் வரை பாரந் தரும் எனக் கொண்டால், ஏறத்தாழ நான்கு மாடிகளை அக்குழியின்மேல் எழுப்பியும் அடிமண் முன்னிருந்ததினும் மிகையான சுமையை உணராது. நிலக்கீழ் அறை வெறும் வசதிக்காக மட்டும் அமைக்கப்படுவதன்று என்பது இதனாற் புலனாகும்.

ஒவ்வாத பகுதிக்குக் கனடாவில் நிகழ்ந்த ஒன்று சான்று. வின்னிப்பெக் நகருக்கு அண்மையில் உள்ள திரான்ஸ்கோனாவில், 10 இலட்சம் புசல் தானியங் கொள்ளத்தக்க களஞ்சியமொன்று 1913 இல் எழுந்தது. அது 59 மீற்றர் நீளமும் 23.5 மீற்றர் அகலமும் 31 மீற்றர் உயரமும் கொண்டது. இரண்டடித் தடிப்புள்ள கொங்கிறீற்றுத் தெப்பத்தின்மேல் நின்றது. கட்டுவதற்கு முன் குழியின் அடியிற் சிறு பரப்பொன்றிற் சுமையேற்றிச் சோதித்தனர். மண் திருப்தியாகவே விடையளித்தது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கோதுமை நிரப்பத் தொடங்கினர். ஒக்டோபர் 18 ஆந் திகதி, 8 இலட்சத்து 75 ஆயிரம் புசல் உள்ளே இருந்த வேளையிற் களஞ்சியம் தாழத் தொடங்கி, ஒரு மணித்தியாலத்துள் ஓரடி புதைந்தது. மறுநாளுக்குள் மேற்குப்புறமாக 27 பாகை அளவுக்குச் சாய்ந்துவிட்டது. வியப்பு யாதெனில், கட்டடம் உடையவில்லை! தெப்பம் தன் கடமையைச் செய்தது; அதன் கீழிருந்த மண்ணே தோற்றது. பின்னர்ப் பாறை வரை தூண்கள் இறக்கி, திருகு ஜாக்கிகளால் அதனை நிமிர்த்தி, முன்னையினுந் தாழ்ந்த மட்டத்தில் நிலைநிறுத்தினர்.

காரணம் பின்னர்த் தெளிவாயிற்று. மேலே இறுகிய களியும் அதன்கீழ் மெலிந்த களியும் இருந்தன. ஒரு சுமை தன் அகலத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் வரை மண்ணை அழுத்தும். ஓரடிப் பலகை இரண்டடி ஆழத்தையே அறியும், 23.5 மீற்றர் அகலமுள்ள தெப்பமோ பாறை வரையுள்ள களி முழுவதையும் அழுத்தும். சிறு பலகையைக் கேட்டுப் பெருந் தெப்பத்துக்கு விடை கண்டதே தவறு. 1953 இற் பெக், பிறையன்ற் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு, அக்களி தாங்கக்கூடிய எல்லைச் சுமையைக் கணக்கிட்டு, களஞ்சியம் சரிந்தபோதிருந்த சுமை அதனோடு நெருங்கி ஒத்தமையைக் காட்டிற்று.

இனிக் கணக்கிடும் முறைக்கு வருவோம். 1867 இல் எமில் விங்கிளர் என்பார் நிலத்தை எண்ணிறந்த சுருளிவிற்களாகப் பாவிக்கும் வழியைத் தந்தார். ஒவ்வொரு வில்லும் தன்மேல் வரும் அழுத்தத்துக்கேற்பத் தாழும். அயல்வில் தாழ்ந்ததோ இல்லையோ என்பதை அது அறியாது. இஃது உண்மையில் நீரின் குணமே: ஆழத்துக்கேற்ப மேலுதைக்கும் அடர்ந்த திரவத்தில் மிதக்கும் தெப்பத்தையே விங்கிளர் கணித்தார் எனலாம். இக்காலத்துக் கணினிகளிலும் இம்முறை பெருவழக்காயிருக்கின்றது. எளிமை அதன் சிறப்பு; ஆபத்தும் அதுவே. சமமான விற்களின்மேல் உள்ள தட்டிற் சமமாகப் பாரம் பரப்பினால், தட்டு முழுதும் ஒரே அளவு தாழும், வளைவு சிறிதுமில்லை. மெய்யான களிமண்ணிலோ நடுப்பகுதி ஓரங்களைக் காட்டிலும் மிகத் தாழ்ந்து, தட்டுக் கிண்ணம்போற் குழியும். ஆதலின் ஓரத்து விற்களை நடுவிலுள்ளவற்றினும் விறைப்பானவையாகக் கொள்ளல் வேண்டும். அன்றியும், வில்லின் விறைப்பை ஒரே எண்ணாகக் கொண்டு அமைதியடையாமல், குறைந்த பெறுமானம் ஒன்றும் கூடிய பெறுமானம் ஒன்றுமாக இருமுறை கணித்து, இரண்டிற்கும் போதுமான கம்பியிடல் நன்று.

நிலம் சரிவாயிருந்தாலும், நிலக்கீழ் அறை கட்டடத்தின் ஒருபாதியில் மட்டும் இருந்தாலும், தெப்பம் இரு மட்டங்களில் அமைந்து இடையில் ஒரு படி பெறும். இதுவே படிநிலைத் தெப்பம். வரைபடத்தில் இரு கோடுகளாற் காட்டப்படும் அப்படியிலேதான் நமது தெப்பவுவமை முற்றாக முறிகின்றது. கணிப்போர் சிலர் இரு தட்டுகளையும் ஒரே மட்டத்திற் கிடப்பனவாகக் கொண்டு, படியை மறந்துவிடுவர். அது கூடாது. ஒரு தட்டினூடே கிடையாகச் செல்லும் விசை மற்றத் தட்டை வேறு மட்டத்தில் அடைவதால், அவ்விசையைப் படியின் உயரத்தாற் பெருக்கிய திருப்பம் ஒன்று புதிதாக எழும். ஆதலால் இரு தட்டுகளையும் அவற்றின் மெய்யான மட்டங்களில் வைத்து, தடித்த நிலைக்குத்துச் சுவர்த்துண்டாற் பிணைத்தே கணினிக்குக் கொடுத்தல் வேண்டும். மேற்றட்டின் கீழுள்ள மண் பாரத்தாற் பக்கமாகத் தள்ளி அச்சுவரை அழுத்தும். நிலைக்குத்து விற்கள் இதனைச் சொல்லமாட்டா. அப்பக்க அழுத்தத்தைத் தனியே சேர்க்க வேண்டும்.

படியிற் கம்பி வளைப்பது மேலும் கவனத்துக்குரியது. தட்டின் மேன்முகத்தில் இழுவை தோன்றின், படியின் கீழ்மூலை விரிய முயலும். மேல்மூலை மடங்க முயலும். இழுவை அடிமுகத்துக்கு மாறின் இவையும் இடம் மாறும். எப்போதும் ஏதேனும் ஒரு மூலை விரிந்தே நிற்கும். விரியும் மூலையின் உட்புறத்தைத் தழுவி வளைத்த கம்பி நிமிர முயன்று, தன்னை மூடிய கொங்கிறீற்றை உரித்துத் தள்ளிவிடும். எனவே இருபுறக் கம்பிகளும் மூலையிற் குறுக்கே கடந்து மறுமுகத்தருகே நங்கூரமிடப்படல் வேண்டும். மூலையைச் சாய்வாகத் தடிப்பித்து, அதன்வழி மூலைவிட்டக் கம்பியும் இடுதல் நலம்.

கட்டும் வேளையில் வேறொரு தொல்லை உண்டு. கீழ்த்தட்டை வார்ப்பதற்குத் தோண்டிய குழி, மேற்றட்டின் விளிம்புக்கடியிலும் சற்றுப் பரவிவிடும். அவ்விடைவெளியை வெட்டிய மண்ணாலேயே நிரப்பி மூடின், அது பின்னர் இறுகித் தாழ, மேற்றட்டு அங்கே ஆதாரமின்றித் தொங்கும். சீமெந்து குறைந்த கொங்கிறீற்றால் நிரப்புதலே தக்கது.

நிலத்தடி நீர் உயர்ந்த இடங்களில் தெப்பம் உண்மையிலேயே தெப்பமாகிவிடக்கூடும். நீர்மட்டத்துக்கு மூன்று மீற்றர் கீழேயுள்ள தட்டைச் சதுரமீற்றருக்கு மூன்று தொன் வீதம் நீர் மேலே தள்ளும். படியின் தாழ்ந்த பக்கம் இவ்வாறு தள்ளப்பட, உயர்ந்த பக்கம் நீருக்கு எட்டாமல் நிற்பின், இரண்டின் இழுபறியும் படியிலே வந்து சேரும். மேன்மாடிகளின் பாரம் அம்மேலுதைப்பைப் போதிய அளவு விஞ்சும் வரை, குழியில் நீரிறைக்கும் இயந்திரத்தை ஓர் இரவுக்கேனும் நிறுத்தலாகாது.