நாள்தான் எங்கள் மூலதனம்

ஆவணப்படம் எடுக்க ஆசைப்பட்டு வரும் இளைஞர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, எந்தக் கேமரா வாங்கலாம் என்பதுதான். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலேயே தங்கி, யாருடைய கட்டளைக்கும் கட்டுப்படாமல் படம் எடுக்கும் சிறு நிறுவனம் எங்களுடையது. நான் அவர்களிடம் சொல்வது இதுதான்: முதலில் ஒரு நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து வரும் குழுவிடம் பணமும் கருவிகளும் நம்மைவிட அதிகம் இருக்கும். ஆனால் அவர்கள் இரண்டு நாளில் ஊர் திரும்ப வேண்டும். நாம் மழை விட்ட மறுநாள் போகலாம், அறுவடை தள்ளிப்போனால் காத்திருக்கலாம்.

காரை ஓடைகளை நடுப்பகலில் எடுத்தால் எல்லாம் வெளிறிப்போய்த் தட்டையாகத் தெரியும். வெயில் சாயும்போதுதான் மண் அரித்த பள்ளங்களின் ஆழம் நிழலாக விழும். நல்ல மழைக்குப் பிறகு போனால், இங்கே கடல் இருந்த காலத்துப் புதைபடிவங்கள் புதிதாக வெளியே தெரியும். குழுவில் யாரும் அதில் ஒரு துண்டைக்கூடப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. சாத்தனூர் கல்மரத்துக்கு வேறு பாடம். 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி ஆண்டு வயது. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதைப் பற்றி முதலில் எழுதினார். அந்த நீளத்தை ஒரே சட்டகத்தில் அடைக்க முயல வேண்டாம். அதன் பக்கத்தில் ஒரு ஆள் மெதுவாக நடக்கட்டும். பார்ப்பவருக்கு அளவு தானாகப் பிடிபடும்.

கரைவெட்டி ஏரி 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அதன்பின் வரித்தலை வாத்துகளை எடுக்கப் பலரும் குளிர்காலத்தில் வருகிறார்கள். ஆனால் பறவையின் கதை வாய்க்காலில் தொடங்குகிறது. புள்ளம்பாடி வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் ஏரி நிறையும். ஆகவே மதகு திறக்கும் நாளிலிருந்து எடுங்கள். கோயில்களுக்கும் நாள் பார்த்துத்தான் போக வேண்டும்: சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். கங்கைகொண்டசோழபுரத்தில் தொல்லியல் துறையின் அனுமதிக் கடிதம் கையில் இருந்தால்தான் வேலை நடக்கும். ஆடித் திருவாதிரைக்கு எடுப்பதென்றால் விண்ணப்பத்தை வெகு முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும்.

சின்ன வெங்காயத்தைப் பற்றி நாங்கள் எடுத்த படத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமை என்றால் என்னவென்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் படம்தான். செட்டிகுளம் பக்கம் அறுவடையை எடுப்பவர்கள் நிறைய. பச்சைத் தாள், சிவந்த காய், குனிந்து பிடுங்கும் பெண்கள் என்று காட்சி அழகாகத்தான் இருக்கும். ஆனால் குடும்பத்தின் உண்மையான தவிப்பு காயைச் சேமிப்புப் பட்டறையில் ஏற்றிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. இப்போதே விற்பதா, விலை ஏறும்வரை வைத்திருப்பதா? அடியில் அழுகுகிறதா? வியாபாரி போனில் என்ன சொன்னார்? இவை ஒரு நாளில் நடப்பவை அல்ல. வாரத்துக்கு ஒருமுறை, சில சமயம் கேமரா இல்லாமலேயே போய்ப் பட்டறை நிழலில் உட்கார்ந்திருந்தோம். ஒரு ஆயா, "மொதல்ல உக்காரு தம்பி, மைக்க அப்புறம் மாட்டலாம்" என்பார். அவர் சொன்னபடியே செய்தோம். பட்டறையைப் பிரிக்கும் நாள் வந்தபோது, எங்களைக் கூப்பிட்டது அந்த வீட்டுக்காரர்கள்தான்.

வயதானவர்களின் நினைவைப் பதிவு செய்வதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. 1956 நவம்பர் 23 அதிகாலை, கொட்டிய மழையில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அன்று பத்து வயதுப் பிள்ளையாகக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இன்று எண்பது ஆகிறது. எந்தப் படத்துக்கு என்று தெரியாவிட்டாலும் அவர்கள் குரலைப் பதிவு செய்துவிடுங்கள். இதற்கு முன்னோடி உண்டு: காந்தி வாழும்போதே ஏ.கே. செட்டியார் கண்டம் கண்டமாக அலைந்து அவரைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940இல் ஆவணப்படமாக வெளியிட்டார். நமக்கு அலைய வேண்டியது பக்கத்து ஊர்வரைக்கும்தான்.

பழைய காகிதங்களைத் தேடும்போது ஒன்றை மனதில் வையுங்கள். பெரம்பலூர் 1995இல்தான் தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிந்து, மறுவருடமே மீண்டும் சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்தது. ஆகவே 1995க்கு முந்தைய அரசுக் கோப்புகளையும் செய்திகளையும் திருச்சிராப்பள்ளி என்ற பெயரில் தேட வேண்டும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போவோர் ஊர்ப் பெயரோடு தாலுகா பெயரையும் எழுதிக்கொண்டு போவது நல்லது.

சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் அரியலூரின் பிழைப்பு, அதே சமயம் அதன் வலியும். இங்கே படம் எடுப்பவர் பண விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆலை தரும் சமூகப் பொறுப்புத் திட்டப் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் சுரங்கத்தைப் பற்றிப் பேசப் போனால் ஊர் நம் முகத்தைப் பார்க்காது, பார்க்கவும் வேண்டியதில்லை. நாங்கள் கல்யாண வீடியோவிலும் கல்லூரி விழாப் படங்களிலும் சம்பாதித்து அதைச் சொந்தப் படத்துக்குப் போடுகிறோம். வருமானம் குறைவுதான். ஆனால் எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்கார முடிகிறது.

சுரங்கத்தை ஒட்டிய ஊர்களில் காதுதான் முதலில் வேலை செய்ய வேண்டும். வெடி வைக்கும் நேரம் ஊராருக்குத் தெரியும், கேட்டு வைத்துக்கொண்டு பேட்டியை அதற்கேற்ப அமைக்கலாம். ஆனால் ஒரு முறையாவது வெடியின்போதே வீட்டுக்குள் பதிவு செய்யுங்கள். பாத்திரம் அதிர்வதும், பேசிக்கொண்டிருப்பவர் சட்டென்று நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்வதும் எந்த விளக்கவுரையையும்விட அதிகம் சொல்லும். லாரிப் புழுதியில் லென்ஸ் மாற்றாதீர்கள், வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு மாற்றுங்கள். ஒப்பந்தத் தொழிலாளி பேச முன்வந்தால், அவர் முகம் தெரியலாமா என்பதை அவரிடம் மட்டும் கேட்டால் போதாது. வேலை போனால் யார் வீட்டைப் பார்ப்பார்கள் என்பதை அவர் மனைவியோடும் உட்கார்ந்து பேசுங்கள். ஒருவர் மறுத்தாலும் குரலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படத்தை முதலில் அந்த ஊரில் போட்டுக் காட்ட வேண்டும், விழாவுக்கு அனுப்புவது அதன் பிறகு. மதுரையில் அமுதன் ஆர்.பி. போன்றோர் 1998இலிருந்து நடத்திவரும் ஆவணப்பட, குறும்பட விழா நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆதரவு. அங்கும் அனுப்புங்கள். ஆனால் பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்று கேட்கிறது 1952ஆம் ஆண்டுச் சட்டம். 2017இல் திவ்ய பாரதியின் 'கக்கூஸ்' படத்தின் திரையிடல்களைக் காவல்துறை தடுத்ததை நாம் மறக்கக் கூடாது. தணிக்கை விண்ணப்பத்தைப் படத்தொகுப்பு முடியும் தறுவாயிலேயே ஆரம்பித்துவிடுங்கள். தொகுப்பு முடியுமுன் காட்டுவதென்றால், படத்தில் இருப்பவர்களை அவர்கள் வீட்டிலேயே கூட்டிப் போட்டுக் காட்டுங்கள். மாடு கறந்து, சோறு வடித்து, பெண்கள் ஓய்ந்த பிறகு தொடங்குவது நல்லது. பாதியில் யாராவது எழுந்து, "எங்க தெரு கெணறு வத்துனத ஏன் போடல?" என்று கேட்பார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அடுத்த படப்பிடிப்புப் பட்டியல் பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கிறது.

எடுத்த முழுப் பதிவையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில், இரண்டு வேறு வீடுகளில் வைக்கிறோம். ஒவ்வொரு கோப்புக்கும் ஊர், தேதி, பேசுபவர் வயது என்று தமிழில் பெயர் எழுதுகிறோம். காரையில் எடுத்ததைப் புவியியல் மாணவர்களும், பட்டறைப் பதிவுகளை வேளாண்மை படிக்கும் பிள்ளைகளும் கேட்டு வருகிறார்கள். பேசியவர் சம்மதித்தால் காசு வாங்காமல் கொடுத்துவிடுகிறோம்.