பழைய டிராக்டர் இஞ்சின் சீராக ஓடாமைக்குக் காரணங்களும் பரிகாரமும்

கோடை மழைக்குப் பின் புஞ்சை நிலத்தில் உழவுக்கேற்ற ஈரம் சில தினங்களே நிற்கும். அத்தினங்களில் டிராக்டர் விட்டு விட்டு ஓடுமாயின் குடியானவருக்கு நேரிடும் நஷ்டம் பெரிது. அவ்வமயம் பதற்றமுற்று, டீசல் பம்பையோ சிலிண்டர் ஹெட்டையோ உடனே கழற்றச் செய்வோர் பலர். பணம் செலவான பின்னும் கோளாறு நீங்காதிருப்பதுண்டு. செலவில்லாத சோதனைகளை முதலிலும் செலவுள்ளவற்றைக் கடைசியிலும் செய்வதே முறையாகும். மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் டீசல் இஞ்சின் பொருத்திய பழைய மாஸி பெர்குஸன் 35 போன்ற டிராக்டர்களுக்கு ஏற்ற வரிசை கீழே கூறப்படுகிறது.

இஞ்சினின் தேவைகள்

டீசல் இஞ்சினில் தீப்பொறி உண்டாக்கும் பிளக் கிடையாது. சிலிண்டரிலுள்ள காற்று 16 முதல் 18 மடங்கு வரை சுருக்கப்பட்டுக் கடுஞ்சூடு அடைகிறது. அச்சூட்டில் டீசல் தானே தீப்பற்றுகிறது. ஆகையால் சுத்தமான டீசல், போதிய காற்று, குறையாத அழுத்தம் ஆகிய மூன்றும் அவசியம்.

புகையின் நிறம்

கரும்புகை, காற்றுப் போதாமையையோ, இன்ஜெக்டர் டீசலைச் சரியாய்ப் பீய்ச்சாமையையோ காட்டும். முதலில் ஏர் கிளீனரைச் சுத்தி செய்து புது எண்ணெய் இடவேண்டும். நீலப்புகை, இஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். இஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாவிடில், டீசல் எரியாமல் வெளிப்படுகிறது, அல்லது தண்ணீர் கலந்துள்ளது என்று கொள்ளலாம்.

டீசல் பாதை

சீரற்ற ஓட்டத்திற்கு அநேகமாய் இப்பாதையே காரணம். டாங்கியின் அடியிலுள்ள தண்ணீரையும் கசட்டையும் வடித்துவிட்டு, அடைபட்ட பில்டரை மாற்றவேண்டும். டாங்கிக்கும் பம்புக்கும் இடையே குழாய் இணைப்பு தளர்ந்திருந்தால், டீசல் வெளியே சொட்டாமலே காற்று உட்புகும். காற்றை வெளியேற்ற, பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழியின்றி டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்து, திருகை முடுக்கவேண்டும். பின்னர் டீசல் பம்பின் திருகுகளிலும் அவ்வாறே செய்க. கைப்பம்பின் நெம்புகோல் வேலை செய்யாவிடில், இஞ்சினைச் சிறிது சுழற்றிவிட்டு மீண்டும் அடிக்கலாம்.

குற்றமுள்ள சிலிண்டரைக் கண்டறிதல்

இவற்றால் குணம் காணாவிடில், இஞ்சினை மெதுவாய் ஓடவிட்டு, இன்ஜெக்டரில் சேரும் குழாயின் நட்டை ஸ்பானரால் சிறிது தளர்த்தவேண்டும். ஓட்டம் தளர்ந்தால் அச்சிலிண்டர் நன்று. மாறுதல் இல்லாவிடில் குற்றம் அதனிடமே. நட்டை முடுக்கிய பின்னரே அடுத்ததைச் சோதிக்கவேண்டும்.

பிறகு இஞ்சினை நிறுத்தி, அதன் இன்ஜெக்டரை நல்ல சிலிண்டரின் இன்ஜெக்டருடன் மாற்றிப் பொருத்துக. செம்பு வாஷர்கள் புதியனவாய் இருத்தல் நலம். குற்றமும் உடன் இடம் மாறினால் இன்ஜெக்டரைப் பழுது பார்த்தால் போதும். பழைய சிலிண்டரிலேயே குற்றம் நின்றால், வால்வு, ரிங், கேஸ்கெட், டீசல் பம்பு இவற்றில் பழுது உண்டென்று அறிந்து, தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைக்கவேண்டும்.

எச்சரிக்கை

இன்ஜெக்டரிலிருந்து டீசல் சதுர அங்குலத்துக்கு 2,000 ராத்தலுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீய்ச்சும். அது தோலைத் துளைத்து உட்புகும். கசிவை விரலால் தடவிப் பார்த்தல் ஒருபோதும் கூடாது. நட்டைத் தளர்த்துகையில் கையையும் முகத்தையும் விலக்கி வைத்தல் வேண்டும். ஊசி குத்தியது போன்ற சிறு காயமாயினும், வலியில்லாவிடினும், தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

வருமுன் காத்தல்

இரவில் குளிரும்போது காலி டாங்கியினுள் ஈரம் படிந்து நீராகும். ஆதலால் மாலையில் வேலை முடிந்ததும் டாங்கியை நிரப்பி வைத்து, காலையில் அடிநீரை வடித்துவிடுவது நல்ல வழக்கம். உழவுக் காலத்துக்கு முன்பே பில்டரையும் ஏர் கிளீனரையும் கவனித்துவைத்த குடியானவருக்கு, ஈரம் காயுமுன் உழவு முடியும்.