பழைய கணினியைக் கழித்துவிடும் முன்

இனயம் போன்ற கடலோர ஊர்களின் பள்ளிகளில் கணினிக்கு முதுமை சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது. உப்புக்காற்று உள்ளிருக்கும் உலோக முனைகளை அரிக்கும். இயங்குதளமும் விண்டோஸ் 7 என்றால், 'இனி இது ஆகாது' என்று மூலையில் வைத்துவிடுகிறோம். நாற்பது மாணவர்களுக்கு நான்கு கணினி இருக்கும் வகுப்பில், மூலைக்குப் போகும் ஒன்று சிறிய இழப்பன்று.

இணையதளங்கள் திறக்காமல் 'பாதுகாப்பற்றது' என எச்சரிக்கை வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கலாம். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காலவரம்பு உண்டு. கணினியின் தேதி அதற்குள் அடங்காவிட்டால் உலாவி மறுத்துவிடும். தேதியைச் சரிசெய்தபின், மின்சாரத்தைத் துண்டித்து மறுநாள் பாருங்கள். மீண்டும் பழைய தேதியே காட்டினால் மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. மேசைக்கணினிகளில் பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரிதான். கைக்கடிகாரக் கடைகளிலும் கிடைக்கும்.

கணினி 'பீப்' ஒலி மட்டும் எழுப்பி, திரை இருண்டே இருக்கிறதா? மின்இணைப்பை நீக்கி, ராம் அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் மென்மையாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள். கடற்கரைப் பள்ளிகளில் இந்த வைத்தியம் அடிக்கடி தேவைப்படும்.

வேகம் குறைந்திருந்தால், ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி 'எம்எஸ்கான்ஃபிக்' எனத் தட்டச்சு செய்து, ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையற்றவற்றின் குறியை நீக்கலாம். வைரஸ் தடுப்பானை மட்டும் விட்டுவிடுங்கள். திரை அலங்காரங்களைக் குறைக்க, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' தேர்வு உள்ளது. ஆனால் எழுத்து விளிம்புகளை மென்மையாக்கும் குறியை மறுபடி இட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் சிறிய அளவில் தமிழின் புள்ளியும் சுழியும் கலங்கித் தெரியும். சின்ன விஷயம்தான், ஆனால் மூன்றாம் வகுப்புக் குழந்தை படிக்கும் திரை அது.

வினாத்தாளில் வரிகள் இடம் மாறுகின்றன என்பது பலரின் புகார். புதிய கணினிகளில் உள்ள நிர்மலா எழுத்துரு விண்டோஸ் 7-இல் இல்லை. அது வேறொரு எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும், பக்கம் நீளும். இரண்டு கணினியிலும் லதா எழுத்துருவையே பயன்படுத்துங்கள், அல்லது பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள்.

வன்தட்டிலிருந்து 'டக் டக்' என்ற ஒலி வந்தால் எந்தப் பழுதுநீக்கியையும் உடனே ஓட்ட வேண்டாம். வட்டைச் சோதிக்கும் செயலிகள் பலவீனமான தட்டை மேலும் வதைக்கும். முதலில் கோப்புகளை நகலெடுங்கள். விண்டோஸ் எழவே இல்லையென்றால் பென்டிரைவிலிருந்து இயங்கும் லினக்ஸ் உதவும். விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியபோது வந்த கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்ததை நினைவில் கொள்ளுங்கள். அவற்றில் தொடக்கத் திரையிலேயே லினக்ஸைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14-உடன் பொதுவாக நின்றுவிட்டன. குரோம் உலாவியும் 109-ஆம் பதிப்போடு நின்றது. எனவே எமிஸ் கடவுச்சொல், வங்கிக் கணக்கு, மாணவரின் ஆதார் விவரம் எதையும் இதில் உள்ளிடக் கூடாது. இணையத்தைத் துண்டித்துவிட்டு தட்டச்சுப் பயிற்சி, ஓவியம், பதிவிறக்கிய காணொலி ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் வாரம் இருமுறையாவது அரைமணி நேரம் ஓட விடுங்கள். உள்ளிருக்கும் ஈரம் அந்தச் சூட்டில் போய்விடும்.