பிளஷர் காரும் பெரிய எஞ்சினும்

'பிளஷர்' என்னும் சொல்லை இன்றைய மாணவருட் பலர் கேட்டிருக்கமாட்டார்கள். பஸ், லாரி ஆகியவற்றினின்றும் வேறுபடுத்தி, ஆட்கள் மட்டும் ஏறிச்செல்லும் காரை நம் பாட்டனார் தலைமுறை 'பிளஷர்' என்றே வழங்கியது. நாஞ்சில் நாட்டு முதியோரிடம் அச்சொல்லைச் சொன்னால் அவர்கள் மனக்கண்ணில் அம்பாசிடரோ பியட்டோ வருவதில்லை. செவர்லே, போர்டு வி-எட்டு, பிளைமவுத், டாட்ஜ் என்னும் அமெரிக்க வண்டிகளே வருகின்றன. வண்டியின் நிறத்தை மறந்தவர்கள்கூட எஞ்சினை மறப்பதில்லை. "அந்த எஞ்சின் போல் இனி ஒன்று வராது" என்பது அவர்கள் பேச்சின் பல்லவி. அப்பேச்சில் உண்மை எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நினைவை அளவுகோல் கொண்டு சோதித்தல் நினைவை அவமதிப்பதாகாது. சோதனையில் அது பல இடங்களில் வென்றும் விடுகிறது.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். இச்சிறு மாவட்டத்தில் வாடகைக் காருக்கு அத்துணை மதிப்பு ஏன்? நாகர்கோவிலுக்கு இரயில் வந்தது 1979-இல்தான். அதுவரை இரயில் ஏறவேண்டுமானால் ஒருபுறம் திருவனந்தபுரத்துக்குச் சுமார் 65 கிலோமீட்டர், மறுபுறம் திருநெல்வேலிக்குச் சுமார் 80 கிலோமீட்டர் சாலை வழியாகவே செல்லவேண்டும். திருவிதாங்கூர் அரசு மகாராஜா சித்திரைத் திருநாள் காலத்தில், 1938 பிப்ரவரி 20-இல், அரசுப் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கிற்று. கன்னியாகுமரி வரையிலான தடம் அதன் தொடக்கத் தடங்களுள் ஒன்று. அந்தப் பேருந்துகளில் இருந்தவை இங்கிலாந்திலிருந்து வந்த பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்கள். இப்பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் மீண்டும் வரும். பேருந்து வந்தபின்பும் நள்ளிரவில் நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுசெல்லவும், தோவாளையிலிருந்து களியக்காவிளைக்கு அப்பால் வரை கலியாணப் பெண்ணை அழைத்துப்போகவும் பிளஷர்தான் வேண்டியிருந்தது.

அமெரிக்க வண்டிகள் இங்கு மலிந்ததற்கும் காரணம் உண்டு. போர்டு கம்பெனி 1926-இலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இலும் இந்தியாவில் கால் ஊன்றி, உதிரிகளாகக் கொணர்ந்த கார்களை இங்கேயே பூட்டி விற்றன. பின்னர் பம்பாய்க் குர்லாவில் பிரிமியர் நிறுவனம் டாட்ஜ், பிளைமவுத் வண்டிகளைப் பூட்டிற்று. இந்தியாவிலேயே உறுப்புகளை உற்பத்தி செய்யும் திட்டமில்லாத கம்பெனிகள் தொடர வேண்டியதில்லை என்று 1953-இல் கட்டணக் கமிஷன் பரிந்துரைக்கவே, போர்டும் ஜெனரல் மோட்டார்சும் கடையைக் கட்டின. அதன்பின் நம் சாலைகளில் ஓடிய அமெரிக்க வண்டிகள் பெரும்பாலும் புது வாரிசின்றி மூப்படைந்த வண்டிகளே.

இனி முதியோர் பேச்சுக்கு வருவோம். வண்டி வைத்திருந்தோர் பெரும்பாலும் சொல்லும் செய்திகளுள் முதலாவது இது: "டாப் கியரைப் போட்டால் பிறகு கியரைத் தொடவே வேண்டாம். ஏற்றமோ இறக்கமோ அதிலேயே போகும்." கேட்பவர் சிரிப்பர். ஆனால் கணக்கு என்ன சொல்கிறது?

ஐம்பதுகளின் தொடக்கத்துப் பிளைமவுத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டம் 3¼ அங்குலம், பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 4⅜ அங்குலம். பெருக்கிப் பார்த்தால் மொத்தக் கொள்ளளவு சுமார் 218 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.6 லிட்டர். அம்பாசிடரின் எஞ்சின் 1,489 சி.சி.; பியட் 1100-இன் எஞ்சின் 1,089 சி.சி. பிளைமவுத்தின் குதிரைத் திறன் நூற்றுக்கும் குறைவே. இக்காலச் சிறு கார்களே அதை எட்டிப் பிடிக்கின்றன. எனவே குதிரைத் திறனை வைத்து முதியோர் பேச்சை மதிப்பிட்டால் அவர்கள் தோற்றுப் போவார்கள்.

பார்க்கவேண்டியது திருப்பு விசையை. கிணற்று இராட்டினத்தைச் சுற்றும் கையின் வலுப் போன்றது அது. எவ்வளவு விரைவாகச் சுற்றுகிறோம் என்பது வேறு, எவ்வளவு பாரத்தைத் தூக்கிச் சுற்றுகிறோம் என்பது வேறு. பிளைமவுத்தின் திருப்பு விசை 170 பவுண்டு-அடிக்குச் சற்று மேல்; அம்பாசிடருக்கு அதில் பாதியும் இல்லை. அதனினும் முக்கியமான செய்தி, பிளைமவுத் அந்த உச்ச விசையை நிமிடத்துக்கு 1,200 சுற்று என்னும் மெதுவான ஓட்டத்திலேயே தந்துவிடும் என்பது. டாப் கியரில் எஞ்சின் ஏறத்தாழ 3.9 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். சக்கரத்தின் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டால், எஞ்சின் 1,200 சுற்றில் ஓடும்போது வண்டி மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்.

நாற்பது கிலோமீட்டர்! மாட்டு வண்டியும் சைக்கிளும் சந்தைக் கூட்டமும் நிறைந்த அக்காலச் சாலையில் ஒரு வாடகைக் கார் நிதானமாகச் செல்லக்கூடிய வேகம் அதுவே. அந்த வேகத்தில்தான் பிளைமவுத் தன் முழு வலுவோடு இருந்தது. பெரிய எஞ்சின் வேகத்துக்காக என்று நாம் நினைக்கிறோம். இங்கு அது மெதுவாகப் போவதற்கே பயன்பட்டது. கீரிப்பாறை இரப்பர் தோட்டத்துச் செங்குத்தான பாதையில் டாப் கியர் போதாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மற்றபடி, கோட்டாற்றிலிருந்து தக்கலை வரையிலான ஏற்ற இறக்கங்களுக்கு முதியோர் சொல்வது பெரும்பாலும் சரி.

இரண்டாவது பேச்சு, "பத்துப் பேரை ஏற்றுவோம்" என்பது. சட்டப்படி அது சரியா என்பது வேறு கேள்வி. பிளைமவுத் அம்பாசிடரைவிட ஏறத்தாழ ஒரு சாண் அகலம் கூடியது. கியர்க் கம்பி ஸ்டியரிங்கோடு சேர்ந்திருந்ததால் முன்னிருக்கை முழுவதும் ஒரே பலகைபோல் கிடந்தது. கலியாண வீட்டுக் கூட்டம் எப்படி ஏறும் என்பதை நாம் அறிவோம்; பத்து என்பதில் மிகை அதிகமில்லை.

மூன்றாவது பேச்சு, "கரியிலும் ஓடிய வண்டி" என்பது. இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. வண்டியின் பின்புறம் ஓர் உருளை அடுப்பை மாட்டி, அடுப்புக்கரியை அரைகுறையாக எரித்து, அதில் பிறக்கும் வாயுவை எஞ்சினுக்குள் செலுத்தி ஓட்டினர். மதுரை டி.வி.எஸ். நிறுவனமும் இத்தகைய கேஸ் பிளாண்டுகளைச் செய்து விற்றது. கரிவாயு பெட்ரோலைப்போல் வலுத் தருவதில்லை. மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை திறன் குறைந்துபோகும். பாதி போனபின்பும் வண்டியை இழுக்க எஞ்சினில் ஏதேனும் மிச்சம் இருக்கவேண்டுமே! மூன்றரை லிட்டர் எஞ்சினில் அது இருந்தது. நூறு ரூபாய் வைத்திருப்பவன் ஐம்பதை இழந்தாலும் பஸ்ஸுக்குக் காசு இருக்கும்; ஐந்து ரூபாய்க்காரன் நிலை அப்படியன்று.

இவ்வெஞ்சின்கள் பிறந்த நாட்டில் நடந்த கதை வேறு. அங்கு அறுபதுகளில் பெரிய எஞ்சின் வேகத்தின் அடையாளமாயிற்று. ஜெனரல் மோட்டார்சில் நடுத்தர அளவுக் கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று உள்விதி ஒன்று இருந்தது. அதன் பாண்டியாக் பிரிவில் தலைமைப் பொறியாளராயிருந்த ஜான் டிலோரியனும் அவர் தோழர்களும், பெரிய காருக்குரிய 389 கன அங்குல எஞ்சினைச் சிறிய டெம்பெஸ்ட் காரில் 'விருப்பத் தேர்வு' என்னும் பெயரால் வைத்துவிட்டனர். புது மாடலுக்குத்தான் தடை, விருப்பத் தேர்வுக்குத் தடையில்லை என்பது வாதம். (நம்மூர் வக்கீல்கள் மெச்சுவர்.) அதுவே 1964-ஆம் ஆண்டின் ஜி.டி.ஓ. முதல் ஆண்டிலேயே 32,450 வண்டிகள் விற்றன. கிரைஸ்லர் 426 கன அங்குல 'ஹெமி'யைச் சாலைக்குக் கொணர்ந்தது. செவர்லே 1970-இல் 454 கன அங்குலம், 450 குதிரைத் திறன் வரை போயிற்று. 'தசைக் கார்' என்று பொருள்படும் பெயரால் அமெரிக்கர் இவற்றை அழைக்கின்றனர்.

அவ்வண்டிகளை வைத்திருந்தோரின் நினைவுகளும் எஞ்சினையே சுற்றுகின்றன. காலை அழுத்தியதும் கார்புரேட்டரின் மற்ற இரு வாய்களும் திறக்கும் உறுமல், முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும் தள்ளல், விளக்குக் கம்பத்தினின்று விளக்குக் கம்பம் வரை தெருவில் நடத்திய பந்தயம் என்று சொல்லிக்கொண்டே போவர். அங்கும் அளவுகோலை வைத்துப் பார்க்கவேண்டும். 1972-க்கு முன் அந்நாட்டில் விளம்பரப்படுத்திய குதிரைத் திறன், எஞ்சினை மேசைமேல் தனியே வைத்து, காற்று வடிகட்டி, புகைக்குழல் முதலிய சுமைகளை நீக்கி அளந்தது. வண்டியில் உள்ளபடியே அளக்கும் முறை வந்ததும், 1971-இல் 365 என்று குறிக்கப்பட்ட 454 கன அங்குல எஞ்சின் 1972-இல் 270 ஆயிற்று. ஏழு லிட்டர் எஞ்சினை முன்னே சுமந்த அவ்வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். ஓடியதை நினைப்பவர் நின்றதைப்பற்றிப் பேசக் காணோம்.

ஜி.டி.ஓ. எஞ்சினின் உச்சத் திருப்பு விசை 3,200 சுற்றில் கிடைக்கும். டாப் கியரில் அது மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம். நமக்கு அவ்வெஞ்சின் பயன்பட்டிருக்காது. அவை வரவுமில்லை. அறுபதுகளில் தமிழ்நாட்டுக்கு வந்த பெரிய அமெரிக்க வண்டி, திரைப்பட நடிகர் வாங்கிய இம்பாலாவே. நடிகவேள் எம்.ஆர். இராதா தம் இம்பாலாவில் வைக்கோல் ஏற்றினார் என்று ஒரு செய்தி நெடுங்காலமாக வழங்கிவருகிறது. இம்பாலாவைப் பிளைமவுத்தாகவே பாவித்தவர் அவர் எனலாம்.

இரு நாட்டுக் கதைகளும் 1973-இல் ஒன்றாகச் சேர்கின்றன. அவ்வாண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. மூன்று டாலர் அளவிலிருந்த பீப்பாய் எண்ணெய் 1974 தொடக்கத்தில் பன்னிரண்டு டாலரை நெருங்கியது. இங்கே பெட்ரோல் விலை ஏற்றத்தைக் கண்டித்து 1973 நவம்பரில் வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றம் சென்றார். லிட்டருக்கு ஆறோ ஏழோ கிலோமீட்டர் ஓடும் வண்டியை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன் என்ன செய்வான்? அமெரிக்காவில் எஞ்சினின் தொண்டையை நெரித்தனர். காப்பீட்டுக் கட்டணமும் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் முன்னரே அவ்வேலையைத் தொடங்கியிருந்தன. தமிழ்நாட்டிலோ எஞ்சினையே கழற்றி எடுத்துவிட்டனர். அவ்விடத்தில் டீசல் எஞ்சினை வைத்தனர். சென்னை சிம்சன் கம்பெனி உற்பத்தி செய்த பெர்க்கின்ஸ் பி-4 அதற்கு உகந்ததாயிற்று. 1938-இல் பேருந்தில் வந்த அதே பெர்க்கின்ஸ் பெயர்!

இம்மாற்று வைத்தியம் அமெரிக்க வண்டிக்கு எளிதாக இயன்றதற்கும் காரணமுண்டு. ஆறு சிலிண்டரை வரிசையாக வைத்த நீண்ட பானெட்டுக்குள் நான்கு சிலிண்டர் டீசல் தாராளமாக அமர்ந்தது. அடியில் தனிச் சேசிஸ் இருந்ததால் கனத்தையும் உதறலையும் அது தாங்கிற்று. அம்பாசிடருக்கு அத்தகைய தனிச் சேசிஸ் இல்லை. டீசலும் மெதுவான சுற்றில் இழுக்கும் இனமே. ஆகவே வண்டியின் தொழில் மாறவில்லை. மாறியது ஒலி. நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுகிறதா என்று கைவைத்துப் பார்க்கவேண்டியிருந்த வண்டி, தெருமுனையில் வரும்போதே கண்ணாடிகள் கிடுகிடுக்க அறிவித்துக்கொண்டு வந்தது. கழற்றிய பெட்ரோல் எஞ்சின் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போயிற்று. அமெரிக்காவில் 1971-ஆம் ஆண்டின் ஹெமி எஞ்சின் கொண்ட பிளைமவுத் பாரகுடா ஒன்று 2014-இல் 35 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது என்பதை இதனோடு வைத்துப் பார்க்கலாம். அங்கே பணம் கொடுத்து வாங்குவது நினைவை. இங்கே நினைவை விற்றுத்தான் வண்டி பத்து ஆண்டு கூடுதலாக ஓடிற்று, ஒரு குடும்பம் உண்டது. இதைக் குறையென்று கூற என் மனம் ஒப்பவில்லை.

இறுதியாக ஒன்று. மேலே கண்டவை பெரும்பாலும் வண்டிச் சொந்தக்காரர் நினைவுகள். வண்டியை ஓட்டியவரும் கிளீனராயிருந்தவரும் அதே எஞ்சினை வேறு விதமாக நினைக்கின்றனர். ஆய்வு செய்யும் மாணவர் அவர்களிடமும் செல்லவேண்டும். போர்டு வி-எட்டில் புகைவழி தண்ணீர்ப் பகுதியை ஊடறுத்துச் சென்றமையால் எஞ்சின் எளிதில் கொதித்துவிடும். சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். அப்போது பம்பின்மேல் ஈரத்துணி சுற்றி, ஆறும்வரை மரநிழலில் காத்திருக்கவேண்டும். எனவே டிக்கியில் எப்போதும் ஒரு தகரத் தண்ணீரும் பழைய வேட்டித் துண்டும் இருக்கும். பாட்டரி இறங்கிய காலையில் ஹேண்டில் அடித்து எழுப்புவது கிளீனரின் வேலை. மூன்றரை லிட்டர் எஞ்சின் சில நேரம் பின்னுக்கு உதைக்கும். உதைத்தால் மணிக்கட்டு முறியும். ஆகவே வேலைக்கு வந்த பையனுக்கு முதல் நாள் கற்பிப்பது இதுதான்: ஹேண்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலைச் சுற்றி வளைக்காதே, மற்ற நான்கு விரலோடு ஒரே பக்கமாக வை; கீழிருந்து மேலாக இழு, மேலிருந்து கீழாக அழுத்தாதே.