புதுக் கார் எடுத்தவர்களுக்கு மாமா சொல்லும் பத்து

அக்கா மகன் கார் எடுத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. காலை ஆறரைக்கு போன். "மாமா, பானெட்ல ஒரு புள்ளி. விரல் வெச்சா குழி தெரியுது." குரலைக் கேட்டால் வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். அன்றைக்கும், பிறகு ஸ்டீயரிங் இழுத்தபோதும், வண்டி தானாக பிரேக் போட்டு அவனை அலறவைத்தபோதும் சொன்னதையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன். திருச்சியில் முப்பது வருடத்துக்கு மேல் வீல் அலைன்மென்ட் பட்டறை நடத்தியவன் நான். நூல் பிடித்து சக்கரம் நேர் பார்த்த காலத்தில் தொழிலுக்கு வந்து, கேமரா பார்த்துச் சொல்லும் காலத்தில் கடையை மகனிடம் கொடுத்தேன்.

1. முதல் கல் விழுந்தே தீரும்.
அரியலூர்ப் பக்கம் சிமென்ட் லாரிக்குப் பின்னாலும், ஜல்லி ஏற்றிய டிப்பருக்குப் பின்னாலும் போகிறவருக்கு இது தலைவிதி. லாரியின் மேலிருந்து விழுவது கொஞ்சம்தான். டயர் எற்றிவிடுவதே அதிகம். தப்பிக்க வழி, இடைவெளி ஒன்றே. முன்னால் போகிற லாரி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள். நீங்கள் அதே கம்பத்துக்கு வர மூன்று விநாடியாவது ஆகவேண்டும். 90 கிலோமீட்டர் வேகத்தில் அது 75 மீட்டர். பெயின்டுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

2. அழுவதற்கு முன் ஆழம் பாருங்கள்.
காரின் மேல் நீங்கள் பார்க்கும் பளபளப்பு நான்கு அடுக்கு: தகட்டைத் துருவிலிருந்து காக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கிளியர் கோட். நான்கும் சேர்ந்தாலே ஏறக்குறைய ஒரு ஏ4 தாளின் தடிமன்தான். அதில் கிளியர் கோட் பாதிகூட இருக்காது. குழிக்குள் சாம்பலோ வெள்ளையோ தெரிந்தால் பிரைமரோடு நின்றுவிட்டது, அவசரமில்லை. பளிச்சென்று தகடு தெரிந்தால் அந்த வாரமே கவனியுங்கள். பழுப்பு தெரிந்தால் துரு ஆரம்பித்துவிட்டது. கடற்கரை ஊர்க்காரர்கள் தகடு தெரிந்த குழியை ஒரு மழைக்குக்கூட விட்டுவைக்கக் கூடாது. பம்பரில் கருப்பாகத் தெரிந்தால் அது பிளாஸ்டிக்; துருப்பிடிக்காது, தூங்கப் போங்கள்.

3. ஒரு புள்ளிக்காக பானெட் முழுக்கப் பெயின்ட் அடிக்காதீர்கள்.
தொழிற்சாலையில் அடித்த பெயின்டுக்கு ஈடாக எந்தப் பட்டறையும் அடித்துத் தராது. புள்ளியைப் புள்ளியாகவே சரிசெய்யுங்கள். கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள ஸ்டிக்கரில் நிற எண் இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி டச்-அப் பாட்டில் வாங்குங்கள். "வெள்ளை" என்று கேட்டால் பத்து வெள்ளை இருக்கிறது.

வண்டியை நிழலில் நிறுத்தி, தகடு சூடு ஆறட்டும். ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் குழியை எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடையுங்கள். துரு இருந்தால், உப்புத்தாளைத் தீக்குச்சி முனையில் சுற்றி அந்த இடத்தை மட்டும் சுரண்டுங்கள். தகடு தெரிந்தால் முதலில் பிரைமர் ஒரு சொட்டு. பிறகு நிறம். பாட்டில் மூடியோடு வரும் பிரஷ்ஷை மறந்துவிடுங்கள். பல் குத்தும் குச்சிதான் கருவி. நுனியில் கடுகளவு தொட்டு, குழியின் நடுவில் வையுங்கள். அது தானாகவே ஓரம்வரை பரவும். ஒரே தடவையில் நிரப்பினால் மேடு கட்டிவிடும். அரை மணி இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை வைத்து, கடைசியில் கிளியர் கோட். ஒரு மாதத்துக்கு அந்த இடத்தில் வாக்ஸ் வேண்டாம். கிட்டே போய்க் குனிந்து பார்த்தால் தெரியும். நாலடி தள்ளி நின்றால் தெரியாது. அது போதும்.

4. ஷோரூம் மேசையில் தலையாட்டாதீர்கள்.
செராமிக் கோட்டிங் போட்டால் தண்ணீர் உருண்டு ஓடும், கழுவுவது சுலபமாகும். கல்லை அது தடுக்காது. கல்லைத் தாங்குவது பிபிஎஃப் என்னும் தடித்த பிலிம். அதையும் வண்டி முழுக்க ஒட்டவேண்டியதில்லை. பானெட்டின் முன்பாதி, பம்பர், கண்ணாடி மூடிகள் போதும். அடிக்கடி ரப்பிங் பாலிஷ் போடச் சொல்பவரிடம், ஒவ்வொரு பாலிஷும் அந்தத் தாள் தடிமனில் கொஞ்சம் தின்கிறது என்பதை நினைவூட்டுங்கள். சின்னக் கீறலுக்கு இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் போடும் முன்பும் கணக்குப் பாருங்கள். க்ளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு, வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. ஐந்து வருடம் தொடர்ந்தால் 50 சதவீதம். இரண்டாயிரம் ரூபாய் வேலைக்காக அதை இழக்கலாமா?

5. ஸ்டீயரிங் இழுத்தால் முதலில் காற்று பாருங்கள்.
"வண்டி இடப்பக்கம் இழுக்குது" என்று பட்டறைக்கு வந்தவர்களில் எத்தனையோ பேரை, காற்று மட்டும் பிடித்து, காசு வாங்காமல் அனுப்பியிருக்கிறேன். டயர் சூடாகும் முன், கதவுச் சட்டத்தில் போட்டிருக்கும் அளவுக்கே காற்று பிடியுங்கள். அடுத்து, சாலையைப் பாருங்கள். மழைநீர் வடிவதற்காகச் சாலையை ஓரத்துக்குச் சரித்தே போடுவார்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். வண்டி லேசாக இடப்பக்கம் சாய்வது சாலையின் குணம். சமதளத்திலும் இழுத்தால், முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள் (ஒரே திசையில் மட்டும் சுற்ற வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர் என்றால் வேண்டாம்). இழுப்பு பக்கம் மாறினால் குற்றம் டயரில். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் அனலாகக் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

6. நடுக்கம் வேறு, இழுப்பு வேறு.
80, 100 போகும்போது ஸ்டீயரிங் கையில் நடுங்கினால் அது பேலன்சிங். நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றால் அது அலைன்மென்ட். இரண்டையும் "காம்போ"வாக விற்பார்கள். எது வேண்டுமோ அதைக் கேட்டு வாங்குங்கள்.

7. மாதம் ஒரு முறை டயரை உள்ளங்கையால் தடவுங்கள்.
இதற்கு மெஷின் வேண்டாம். டயரின் பட்டன்கள்மேல் கையை உள்ளிருந்து வெளியே ஓட்டுங்கள். பிறகு வெளியிலிருந்து உள்ளே. ஒரு திசையில் வழுக்கி, மறுதிசையில் ரம்பம்போல் உறுத்தினால் 'டோ' போய்விட்டது. அதாவது, சக்கரங்கள் நடக்கும்போது பாதம் உள்ளே திரும்பியோ வெளியே விரிந்தோ இருக்கிற மனிதனைப்போல் நிற்கின்றன. இரண்டு முன் சக்கரமும் அரை டிகிரி உள்ளே திரும்பி நின்றால், ஒவ்வொன்றும் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9 மீட்டர் பக்கவாட்டில் உரசிக்கொண்டே ஓடுகிறது. உங்கள் டயர் காசு அங்கேதான் போகிறது. டயரின் ஒரே ஓரம் மட்டும் வழித்ததுபோல் தேய்ந்திருந்தால் 'கேம்பர்' பக்கம், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்பதை, சந்தேகப்படுங்கள்.

8. அலைன்மென்ட் முடிந்ததும் பிரிண்ட் கேளுங்கள்.
முன்பு இருந்தது, இப்போது இருப்பது என்று இரண்டு வரிசை எண் இருக்கும். நம் ஊர்ச் சின்ன கார்கள் பெரும்பாலானவற்றில் திருப்பிச் சரிசெய்ய முடிந்தது முன் சக்கர டோ மட்டும்தான். கேம்பர் அளவு தாண்டிச் சிவப்பில் நின்றால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது, அல்லது புஷ் தேய்ந்திருக்கிறது. எந்தப் பாகம் என்று கேளுங்கள். ஜாக்கி வைத்து முட்டுக்கொடுத்து வளைத்துப் பச்சையாக்கிக் காட்டினால் ஏமாறாதீர்கள். இன்னொன்று: ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் சென்சார் இன்றைய வண்டிகளில் இருக்கிறது. அலைன்மென்டுக்குப் பிறகு அதை எப்போது பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். "பார்த்தீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். நேர் என்பதையே தப்பாகப் புரிந்துகொண்ட வண்டியிடம் லேனுக்குள் நிற்கச் சொல்லிப் பயனில்லை.

9. அடாஸ் துணைக்கு வரும் பிள்ளை, டிரைவர் நீங்கள்தான்.
அடாஸ் என்பது கேமரா, ரேடார் கொண்டு ஓட்டுபவருக்கு உதவும் ஏற்பாடு. தானியங்கித் திறனை 0 முதல் 5 வரை நிலை பிரித்திருக்கிறார்கள். நம் சாலையில் விற்கும் வண்டிகளில் பெருமையாகச் சொல்லப்படும் 'லெவல் 2'இல் பொறுப்பு முழுக்க ஓட்டுபவருடையது. நான்கு வழிச் சாலையில், பகலில், வெள்ளைக்கோடு தெளிவாக இருக்கும்போது அது அருமையான துணை. மற்ற இடங்களில் அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும். குறுக்கே பைக் நுழைந்தால் பட்டென்று பிரேக் போடும். பின்னால் வருபவர் இடிக்காதிருக்க, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருங்கள். வளைவில் பக்கத்து லேன் லாரியை உங்கள் முன்னால் இருப்பதாக எண்ணித் தடுமாறும். ரோட்டோரம் நின்றுபோன டிராக்டரை வேகத்தில் கவனிக்காமலும் விடலாம். இண்டிகேட்டர் போடாமல் மாட்டுக்கு ஒதுங்கினால், ஸ்டீயரிங்கைத் திருப்பி மாட்டுப் பக்கமே இழுக்கும். வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் லேன் உதவியை அணைத்துவிடுங்கள். ஊருக்குள்ளும் அப்படியே. தானியங்கி பிரேக்கை மட்டும் எப்போதும் அணைக்காதீர்கள். எச்சரிக்கை சீக்கிரம் வேண்டுமா தாமதமாக வேண்டுமா என்று மாற்றிக்கொள்ளலாம்.

அதற்குக் கண் எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். கேமரா, முன் கண்ணாடியின் உச்சியில் நடுவில். ரேடார், பல வண்டிகளில் கம்பெனிச் சின்னத்துக்குப் பின்னாலோ பம்பரின் கீழ்ப்பகுதியிலோ. ஆயுத பூஜையன்று சந்தனம், மாலை, சாமி ஸ்டிக்கர் எல்லாம் நாம் வைப்பது சரியாக இந்த இரண்டு இடத்தில்தான். பூஜை முடிந்ததும் துடைத்து, மாலையைக் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

10. ஒன்றைத் தொட்டால் மற்றொன்றையும் கேளுங்கள்.
இவ்வளவும் சொன்னது இதற்காகத்தான். பாடாலூர் தாண்டி ஒரு ஜல்லி பட்டு என் வண்டியின் முன் கண்ணாடி விரிசல் விட்டது. அவசரத்துக்கு ஒரு கடையில் புதுக் கண்ணாடி போட்டேன். கேமராவைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும் என்று அவர்களும் சொல்லவில்லை. முப்பது வருடத் தொழில்காரனான நானும் கேட்கவில்லை. மறுநாள் நெடுஞ்சாலையில் லேன் உதவி என்னை ஓரக்கோட்டை நோக்கியே தள்ளிக்கொண்டிருந்தது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கேமரா ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால், 100 மீட்டர் தொலைவில் 1.75 மீட்டர் பிசகும். நெடுஞ்சாலை லேனின் அகலம் 3.5 மீட்டர். பாதி லேன்!

அக்கா மகனுக்கு நடந்தது வேறு. பின் பம்பர் மூலையில் உரசல். பட்டறையில் பட்டி வைத்து, மெட்டாலிக் பெயின்ட் தடிப்பாக அடித்துக் கண்ணாடிபோல் கொடுத்தார்கள். அதோடு பக்கவாட்டில் வரும் வண்டியைச் சொல்லும் எச்சரிக்கை போய்விட்டது. அந்த மூலைக்குப் பின்னால்தான் ரேடார் இருந்தது. பட்டி அதன் முகத்தில் பூசிய மண்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். என்ன வேலை, எத்தனையாவது கிலோமீட்டரில், எந்தக் கடையில் என்று ஒரு வரி. பிறகு வண்டி புதிதாக ஏதாவது சேட்டை செய்தால், சர்வீஸ் சென்டருக்குப் போன் போடும் முன் கடைசி வரியைப் படியுங்கள். அக்கா மகன் நோட்டின் கடைசி வரி, "பின் பம்பர், வலது மூலை, பட்டி" என்றிருந்தது. அதைப் படித்துக்காட்டியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.