மணவிலக்கும் குழந்தையின் நலமும்

மணவிலக்கு என்ற சொல்லை வீட்டில் உரக்கச் சொல்வதற்கே நம்மவர் தயங்குவர். மணம் பேச நூறு பேர் வருவர். அம்மணம் முறியும் நிலையில் சட்டம் என்ன சொல்கிறது என்று எடுத்துரைக்க ஒருவரும் முன்வருவதில்லை. ஆகவே செவிவழிச் செய்தியே சட்டமாகிவிடுகிறது. ‘பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும், மணம் தீர்ந்தது’ என்பார் ஒருவர். ‘பிள்ளை தகப்பனுக்கே சொந்தம்’ என்பார் மற்றொருவர். ‘வீட்டை விட்டு வந்தவளுக்கு ஒரு காசும் கிடையாது’ என்பார் இன்னொருவர். இம்மூன்றையும் அப்படியே ஏற்பதற்கில்லை. எனினும் இவற்றை நம்பித் தம் வாழ்வையும் தம் மக்களின் வாழ்வையும் கெடுத்துக்கொண்டோர் பலர்.

சட்டம் பயில்கிறேன் என்பதனால் சங்கத்து நண்பர்கள் சிலர் இத்தகைய ஐயங்களை என்னிடம் கேட்பதுண்டு. ஊரிலுள்ள தமக்கைக்காகக் கேட்போரும் உளர். தம் பெற்றோர் பிரிந்து வாழ்வதனால் கேட்போரும் உளர். அவர்களுக்குத் தனித்தனியே கூறியதை ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். இந்து திருமணச் சட்டத்தையே முதன்மையாகக் கொள்கிறேன். ஏனைய சட்டங்களை இறுதியில் சுருக்கமாகக் கூறுவேன். நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே: கணவன் மனைவி என்னும் உறவை முறித்துக்கொள்ளச் சட்டம் வழி வகுத்திருக்கிறது; தாய் தந்தை என்னும் உறவை முறித்துக்கொள்ள அது வழி வகுக்கவில்லை.

முத்திரைத்தாள் மணத்தை முறிக்குமா?

சாத்திர வழிப்பட்ட பழைய இந்துச் சட்டம் மணத்தைப் பிரிக்கவொண்ணாத சடங்காகக் கருதியது. ஆயினும் பல சமூகங்களில் வழக்காற்றின்படி தீர்த்துக்கொள்ளுதலும் மறுமணமும் இருந்தே வந்தன. பம்பாய் மாகாணம் 1947-லும் சென்னை மாகாணம் 1949-லும் இந்துக்களுக்கு மணவிலக்குச் சட்டங்களை இயற்றின. பின்னர் 1955-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் இந்து திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் 29-ஆவது பிரிவு பழைய வழக்காற்று மணவிலக்கை அழிக்கவில்லை. ஆனால் அத்தகைய வழக்காறு தம் சமூகத்தில் தொன்றுதொட்டு இடையறாது இருந்துவருகிறது என்பதை, அதனைச் சொல்பவரே சான்றுகளுடன் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்க இயலாவிடின் முத்திரைத்தாள் வெறுந்தாளே. அதனை நம்பி மறுமணம் செய்தால் அம்மணம் செல்லாது. இருதார மணக் குற்றமும் சேரும். 1967-இல் தமிழ்நாட்டுக்கெனச் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவின்படி நடக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்கும் இதுவே விதி. புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றி நடந்த மணந்தானே என்று எவரும் அதனை எளிதாக எண்ணிவிடலாகாது.

செல்லாத மணத்தில் பிறந்த குழந்தையின் கதி யாது? 16-ஆவது பிரிவு அக்குழந்தையை முறையான குழந்தை என்றே கொள்கிறது. பெற்றோரின் சொத்தில் அதற்குப் பங்குண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவுபடுத்தியது. பெரியவர்கள் செய்த பிழையைக் குழந்தையின் தலையில் சுமத்தலாகாது என்னும் கருத்தை இங்கேயே காண்கிறோம்.

பிரிந்து வாழ்தலும் மணமுறிவும்

இவ்விரண்டும் வேறு வேறு. 10-ஆவது பிரிவின்படி நீதிமன்றம் அளிக்கும் பிரிவுத் தீர்ப்பினால் மணம் முறிவதில்லை. சேர்ந்து வாழவேண்டும் என்னும் கடமை மட்டுமே நீங்குகிறது. அந்நிலையில் இருவரும் மறுமணம் செய்துகொள்ள முடியாது. தீர்ப்புக்குப்பின் ஓராண்டு கடந்தும் இல்வாழ்வு மீளவில்லையாயின், எவரேனும் ஒருவர் மணமுறிவு கோரலாம். சினம் தணியக் காலம் வேண்டுவோர்க்கு இது ஏற்ற வழி.

மணமுறிவுக்கான காரணங்களை 13-ஆவது பிரிவு கூறுகிறது. பிறர்மனை சேர்தல், கொடுமை, இரண்டாண்டுகள் தொடர்ந்து கைவிட்டிருத்தல், மதமாற்றம் முதலியன அவை. மணமாகி ஓராண்டு ஆகுமுன் மனுப் போடுவதற்கு நீதிமன்றத்தின் தனி அனுமதி வேண்டும்.

இருவரும் மனமொத்துப் பிரியும் வழியை 13-பி என்னும் பிரிவு 1976-இல் ஏற்படுத்தியது. ஓராண்டேனும் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து மனுச் செய்யவேண்டும். ஆறு மாதங்களுக்குப்பின், பதினெட்டு மாதங்களுக்குள், மீண்டும் தம் விருப்பத்தை உறுதி செய்யவேண்டும். பிரிந்து வாழ்தல் என்பதற்கு வேறு வேறு வீட்டில் இருத்தல் என்று மட்டும் பொருளன்று. ஒரே கூரையின்கீழ்க் கணவன் மனைவியாக வாழாமலிருப்பதும் அதனுள் அடங்கும். தீர்ப்பு வருமுன் ஒருவர் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இணக்கத்துக்கு இடமே இல்லாதபோது, குழந்தை, ஜீவனாம்சம் முதலியவற்றில் உடன்பாடும் ஏற்பட்டிருந்தால், ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017-இல் கூறியது. ‘மீள முடியாதபடி மணம் சிதைந்துவிட்டது’ என்னும் காரணத்தைக் கொண்டு மணத்தை முறிக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கே உண்டு என்பதை 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பு விளக்கியது. கீழ் நீதிமன்றத்தில் அக்காரணம் மட்டும் செல்லாது.

எந்த ஊர் நீதிமன்றம்?

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இது இன்றியமையாத கேள்வி. ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். மணம் நடந்தது மதுரையில், குடித்தனம் தில்லியில், மனக்கசப்பு முற்றி, மனைவி நான்கு வயதுக் குழந்தையுடன் திருச்சியிலுள்ள தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். மனுவை எங்கே போடுவது? மணம் நடந்த மதுரை, கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த தில்லி, எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர் ஆகிய எங்கும் போடலாம். 2003-இல் வந்த திருத்தத்தின்படி, மனைவி மனுதாரரானால் தான் வசிக்கும் ஊரிலேயே, அஃதாவது திருச்சியிலேயே, போடலாம். கணவன் முந்திக்கொண்டு தில்லியில் போட்டுவிட்டால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் ரயிலேறவேண்டும் என்பதில்லை. வழக்கைத் தன் ஊருக்கு மாற்றும்படி உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்.

குழந்தையின் காப்பாளர் பற்றிய மனுவுக்கு விதி வேறு. 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தை சாதாரணமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே அதனைத் தொடுக்கவேண்டும். குழந்தையை ஓரிரவில் பறித்துக்கொண்டு போய் வைத்த ஊர், அக்காரணத்தாலேயே அது ‘சாதாரணமாக வசிக்கும்’ ஊராகிவிடாது.

1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த குடும்ப நீதிமன்றங்கள் முதலில் இணக்கத்துக்கு முயலவேண்டும். அங்கே வக்கீலை வைத்துக்கொள்வது உரிமையன்று; நீதிமன்றம் அனுமதிக்கலாம். வேண்டினால் மூடிய அறையில் விசாரணை நடத்தலாம். வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் அது கிடைக்கும். இதனை அறியாமல் நகையை விற்று வழக்காடுவோர் உளர் என்பதனால் அழுத்திச் சொல்கிறேன்.

குழந்தை யாருடையது?

இவ்வாறு கேட்பதே தவறு. நிலமும் நகையும் போலக் குழந்தை ஒருவர்க்கு உடைமை ஆகாது. சென்னையிலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு கிறித்துவக் குடும்பத்தின் வழக்கில், 1973-இல், குழந்தைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்களும் அல்லர், விளையாட்டுப் பொருள்களும் அல்லர் என்னும் கருத்தை உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

காப்பாளராதல் வேறு, குழந்தையைத் தம்மிடம் வைத்து வளர்க்கும் பொறுப்பு வேறு. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் ‘தந்தை, அவருக்குப்பின் தாய்’ என்று இயற்கைக் காப்பாளரைக் குறிப்பிடுகிறது. கோயம்புத்தூரில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் கீதா ஹரிஹரன் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். தந்தை உயிரோடிருக்கும்போதே, குழந்தையைப் பற்றிய அக்கறையோ பொறுப்போ அவரிடம் இல்லாத நிலையில் தாயே இயற்கைக் காப்பாளர் ஆகலாம் என்று 1999-இல் தீர்ப்பு வந்தது. ‘பிள்ளை தகப்பனுக்கே’ என்பார்க்கு இதுவே விடை.

வளர்க்கும் பொறுப்பைப் பொறுத்தவரை, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்கவேண்டும் என்கிறது அச்சட்டம். நம் எடுத்துக்காட்டிலுள்ள நான்கு வயதுக் குழந்தைக்கு இது பொருந்தும். ‘சாதாரணமாக’ என்னும் சொல்லைக் கவனிக்க: தக்க காரணமிருந்தால் மாறலாம். அவ்வாறே, ஐந்தாவது பிறந்தநாளன்று குழந்தை தானாகவே தந்தையிடம் போய்விடுவதுமில்லை. 13-ஆவது பிரிவின்படி, எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது குழந்தையின் நலமே. இதுவரை பேணி வளர்த்தவர் யார், பள்ளிப்படிப்பு தடைபடுமா, உடன்பிறந்தாரைப் பிரிக்க நேருமா, வீட்டில் பாதுகாப்பு உண்டா என்றெல்லாம் நீதிபதி பார்ப்பார். விவரமறிந்த வயதாயின் குழந்தையின் விருப்பத்தையும் கேட்பார். பணம் மிகுந்தவர் என்பதால் மட்டும் ஒருவர் வென்றுவிட முடியாது.

ஒருவரிடம் குழந்தை வளர்வதனால் மற்றவர் அயலார் ஆகிவிடுவதில்லை. விடுமுறைகளில் தம்மிடம் வைத்துக்கொள்ளவும், குறித்த நாள்களில் சந்திக்கவும் நீதிமன்றம் வழிசெய்யும். தொலைவில் வாழும் பெற்றோர் தொலைபேசியிலும் காணொளியிலும் குழந்தையோடு பேசுவதற்குள்ள உரிமையை 2020-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. குழந்தையைப் பற்றிய ஆணை என்றைக்கும் முடிந்த முடிபன்று. சூழ்நிலை மாறினால் மீண்டும் மனுச் செய்து அதனை மாற்றலாம். ஒருமுறை தோற்றவர் மனமுடைந்து ஒதுங்கிவிட வேண்டியதில்லை. பெற்றோர் இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு அளிக்கச் சட்டம் திருத்தப்படவேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில் 2015-இல் பரிந்துரைத்தது.

ஜீவனாம்சம்

வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சமும், முடிவில் நிரந்தர ஜீவனாம்சமும் கேட்கலாம். இந்து திருமணச் சட்டப்படி இவற்றைக் கணவனும் கோரலாம், மனைவியும் கோரலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆவது பிரிவின்கீழ் மனைவியும் மக்களும் முதிய பெற்றோரும் மாதந்தோறும் தொகை பெறலாம். இது பழைய 125-ஆவது பிரிவின் இடத்தில் வந்தது. தக்க காரணமின்றிக் கணவனுடன் வாழ மறுக்கும் மனைவிக்கு அப்பிரிவு உதவாது; அடியும் வசையும் தாங்காமல் வெளியேறியவளுக்கு அத்தடை இல்லை. இருவரும் தம் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டவேண்டும், மனுச் செய்த நாள் முதலே தொகை கணக்கிடப்படவேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் நெறி வகுத்தது.

பெற்றோர் பிரிவினால் குழந்தையின் செலவு நின்றுவிடுவதில்லை. தாய் தனக்குரிய தொகையை விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் எழுதினாலும், பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்க அவளுக்கு அதிகாரமில்லை. ‘பணம் தரவில்லை, பிள்ளையைக் காட்டமாட்டேன்’ என்பதும், ‘பிள்ளையைக் காட்டவில்லை, பணம் தரமாட்டேன்’ என்பதும் முறையல்ல. இரண்டும் குழந்தையின் உரிமைகள். ஒன்றுக்கு ஒன்றைப் பணயம் வைக்கலாகாது.

ஏனைய சட்டங்கள்

1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மனமொத்த மணவிலக்கு தொடக்கம் முதலே உண்டு. கிறித்துவர்க்கு 1869-ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டம்; 2001-இல் அது பெரிதும் திருத்தப்பெற்றது. முஸ்லிம் பெண்கள் 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மணமுறிவு கோரலாம். ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2017-இல் செல்லாததாகி, 2019-இல் குற்றமுமாயிற்று. உத்தரகண்டில் வசிப்போர் 2025 ஜனவரியில் அங்கே நடைமுறைக்கு வந்த பொதுச் சிவில் சட்டத்தைப் பார்க்கவேண்டும். மண விதிகள் இவ்வாறு வேறுபட்டாலும், குழந்தை பற்றிய வழக்குகளில் அதன் நலத்தையே நீதிமன்றங்கள் முதன்மையாகக் கருதுகின்றன.

நாம் செய்யத்தக்கவை

நம்மை நம்பி ஒருவர் ஊரிலிருந்து யோசனை கேட்டால், முதலில் எந்தத் தாளிலும் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம் என்று சொல்லுங்கள். திருமணப் பத்திரிகை, புகைப்படம், பதிவுச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று, பள்ளிக் கட்டண ரசீது, மருத்துவச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பின்னர்ச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ நல்ல வக்கீலிடமோ அனுப்பி வையுங்கள். இக்கட்டுரை வழிகாட்டுமேயன்றி, அவரவர் வழக்குக்கு வக்கீலாகாது.

பெற்றோர் பிரிந்த இல்லத்திலிருந்து வந்த மாணவத் தோழர்களுக்கு ஒரு சொல். இருவரில் ஒருவரைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. தந்தைக்கும் கடிதம் எழுதலாம், தாய்க்கும் எழுதலாம். படிப்புச் செலவை இருவரிடமும் தயங்காமல் கேட்கலாம். உற்றாரும் ஊராரும் எந்தப் பக்கம் நின்றாலும், நீங்கள் இருவருக்கும் பிள்ளைகளே.