ஈறு விலகலும் ஒட்டுச் சிகிச்சையும்

பல்லொன்று முன்னிலும் நீண்டதாகத் தோன்றுமாயின், வளர்ந்தது பல்லன்று. அதனைப் போர்த்திருந்த ஈறே வேரை நோக்கி விலகிற்று என்றறிக. வன்மையாகத் தேய்த்தல், பற்காரை படிந்து எழும் அழற்சி, இயல்பாகவே மெலிந்த ஈறு என்பன இதற்குக் காரணங்களாம். வெளிப்பட்ட வேர் குளிர்நீர் பட்டாற் கூசும். சொத்தையும் அதனை எளிதிற் பற்றும். காரணத்தைக் களைந்தால் விலகல் நிற்குமேயன்றி, இழந்த ஈறு பெரும்பாலும் தானே மீளாது. ஆகலின் வேறிடத்துத் திசுவைக் கொணர்ந்து ஒட்டும் முறைகளை மருத்துவர் வகுத்தனர். அவற்றுள் எது சிறந்தது?

மாங்கொம்பை ஒட்டுவோன் அடிமரத்தின் சாறு அதனுட் செல்லும் வழியையே முதற்கண் நோக்குவான். ஈற்றொட்டிற்கு அச்சாறு இரத்தமாம். பல்வேரின் மேற்பரப்போ பாறையை ஒத்தது. அதினின்றும் ஒரு துளி இரத்தமும் ஒட்டிற்குக் கிட்டாது. முறைகளின் வேற்றுமையெல்லாம் இவ்விடர்ப்பாட்டினின்றே பிறக்கின்றது.

மேலண்ணத்தினின்றும் மேற்றோலோடு கூடிய துண்டொன்றை அரிந்து, விலகிய இடத்தில் வைத்துத் தைத்தல் 1960களிற் பரவிய முறை. இது தடித்து உறுதியான ஈற்றைத் தரும். ஆயினும் அடியினின்றும் ஓரத்தினின்றுமே இரத்தம் பெறுதலால், வேரின்மேற் கிடக்கும் பகுதி சிலவேளை மடிந்துபோம். அண்ணத்தின் வெளிறிய நிறமும் மாறாமையால், கிழிந்த ஆடையிலிட்ட ஒட்டுப்போல் வேறாகத் தோன்றும். எனினும் கீழ் முன்பற்களின் அடியில், உறுதியான ஈறு அருகியவிடத்து, இன்றும் இது பெரிதும் பயன்படுகின்றது. ஆங்கு நிறவேற்றுமையை யார் காண்பர்?

1985இல் லாங்கர் என்னும் பெயருடைய மருத்துவர் இருவர் வெளியிட்ட முறை இதனினும் நுட்பமுடையது. அண்ணத்தின் மேற்றோலை விடுத்து, அதன்கீழுள்ள இணைப்புத் திசுவை மாத்திரம் எடுத்து வேரின்மேல் வைத்து, அவ்விடத்து ஈற்றையே மடலாக இழுத்து மூடுவர். அடியினின்றும் மடலினின்றும் இருவழியாலும் இரத்தம் வந்து சேரும்; நிறமும் அயலீற்றோடு ஒத்திருக்கும். மேற்றோலை விடுவதால் நட்டமுமில்லை. மேலே எத்தகைய தோல் வளரவேண்டுமென்பதைக் கீழுள்ள திசுவே பெரிதும் தீர்மானிக்கின்றதென 1975இலேயே காரிங் முதலியோர் காட்டியிருந்தனர்.

இவ்விரண்டிற்கும் விலை, அண்ணத்திலுண்டாகும் மற்றொரு புண். முன்னதில் அது திறந்த புண்ணாகையால், ஆற இரண்டு முதல் நான்கு வாரங்கள் செல்லும்; பின்னதிற் பெரும்பாலும் தைத்து மூடிவிடலாம். இத்துன்பத்தைத் தவிர்க்கவே, உயிரணுக்கள் நீக்கப்பெற்ற மனிதத் தோலும், பன்றியினின்றும் பெற்ற கொல்லாஜன் தகடும் வழக்கில் வந்தன. பல பற்களுக்கு ஒருங்கே ஒட்டு வேண்டுவார்க்கு இவை பேருதவியாம். ஆயினும் வேரை முழுதும் மூடுந் திறத்திற் சொந்த இணைப்புத் திசுவிற்கு இவை பொதுவாக ஈடாகா. அண்ணம் தாங்குமாயின் அதனையே தேர்தல் நன்றென்பது எம் கருத்து.

ஆயின் அடுத்துள்ள பற்களுக்கிடையில் எலும்பு கரைந்திருப்பின், எவ்வகை ஒட்டாயினும் வேர் முழுதும் மறைதல் அரிது. மில்லர் என்பார் 1985இல் ஈறு விலகலை நான்கு வகுப்பாக்கியது இதனை முன்னரே அறிந்துகொள்ளற்பொருட்டேயாம். நோயாளி மருத்துவரிடம் முதலில் வினவத்தக்கது, எவ்வொட்டு என்பதன்று. தம் பல்லிடை எலும்பு எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதே.